எந்த வண்டிக்குப் போறீங்க?

நீங்கள் அந்தப் பெண்ணின் வேலையைப் படிக்கவில்லை. நாற்பது பக்க அறிக்கையைக் கையில் வாங்கினீர்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினீர்கள். அங்கே ஒரு கரும்பலகையின் புகைப்படம் மட்டும் இருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி மூடிவைத்தீர்கள். மிச்சம் முப்பத்தொன்பது பக்கத்தை உங்கள் விரல் தொடவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நீங்கள் சென்னையிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த வெளித்தேர்வாளர். நான் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். 'மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அதனால் அவளுக்கு இன்னும் பட்டயம் கிடைக்கவில்லை. திருச்சியில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குத் தேர்ந்தெடுத்து, பட்டயத்தோடு வந்து சேரச் சொல்லியிருக்கிறது. எத்தனை நாள் காத்திருப்போம் என்று அவர்கள் சொல்லவில்லை. விஷயம் இதுதான். எனக்கு நயமாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் இருப்பது கீரனூரில். காலையில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்கிற கூட்டமெல்லாம் திருச்சிக்குப் போகிற கூட்டம். நான் மட்டும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று புதுக்கோட்டை வண்டியைப் பிடிப்பேன். அதில் எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் இதே தொழிலைச் செய்தேன். பெரிய திரை, பெரிய மேசை, பெரிய பேச்சு. யாருக்காக வேலை செய்கிறோமோ அவரை நேரில் பார்த்தது மொத்தத்தில் நாலைந்து தடவை இருக்கும். சலித்துப்போய் வந்துவிட்டேன். தியாகம் எதுவும் இல்லை. இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறேன், பிள்ளைகளோடு சண்டை போடுகிறேன், ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். நான் கோபக்காரிதான். ஆனால் சந்தோஷமான கோபக்காரி.

பாடத்தின் பெயர் சேவை வடிவமைப்பு. பிள்ளைகளைச் சேர்க்க வருகிற அப்பாக்கள், "அதுல என்ன மேடம் சொல்லிக்கொடுப்பீங்க?" என்று கேட்பார்கள். நான் கல்யாணப் பந்தியைச் சொல்வேன். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால், அடுத்து உட்காரப்போகிறவர் வந்து நிற்கிறார். முன்னால் இருப்பவருக்கு ரசம் தொண்டையில் இறங்கவில்லை, பின்னால் நிற்பவருக்குப் பசி. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. சமைத்தவர் மேலும் தப்பில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் சாப்பாடு கெட்டது. இது ஏன் நடக்கிறது, எதை மாற்றினால் நடக்காது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பு. இதைச் சொன்னால் அப்பாக்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

முதல் வருஷம் வகுப்பில் இதையே சொன்னபோது பின் வரிசையில் இருந்து ஒருவன் எழுந்தான். பந்தி பரிமாறுகிற குடும்பத்துப் பையன்.

"மேடம், தப்பு பந்தியில இல்ல. கை கழுவுற எடத்துல."

"எப்படிடா?"

"அங்க ரெண்டு கொழாய்தான் இருக்கும். எந்திரிச்சவன்லாம் அங்க போய் எறும்பா நிக்கிறான். அதைப் பாத்துட்டு மிச்சப் பேரு எலையிலயே ஒக்காந்திருக்கான். கொழாயைக் கூட்டுங்க, பந்தி தானா எந்திரிக்கும்."

எட்டு வருஷம் தொழில் செய்த எனக்கு இது தோன்றியதில்லை. அன்றைக்குக் கீரனூர் வந்து இறங்குகிற வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த வேலையை விட்டு இனிப் போவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இரண்டாம் ஆண்டில் பிள்ளைகள் நிஜமான இடம் ஒன்றுக்குப் போய் வேலை செய்ய வேண்டும். ஒரு குழுவுக்கு மருத்துவமனை ஒன்று கிடைத்தது. அரிமளத்துக்கும் திருமயத்துக்கும் நடுவில், அந்தப் பக்கத்து வணிகக் குடும்பம் ஒன்று கட்டிக்கொடுத்த சின்ன மருத்துவமனை. குடும்பம் இப்போது ஊரில் இல்லை, மருத்துவமனை இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுப்பார்கள். சுற்றுப்பட்ட ஊர்களில் இருந்து கூட்டம் வரும். குழுவில் மூன்று பையன்களும் அந்தப் பெண்ணும். பையன்கள் இரண்டு பைக்கில் போனார்கள். ஒரு பைக்கில் இடம் இருந்தது. அவள் வீட்டில் விடமாட்டார்கள். அவள் குடுமியான்மலைப் பக்கம். அங்கிருந்து இரண்டு பேருந்து மாறிப் போனாள்.

நான்கு பேரும் இரண்டு செவ்வாய் பார்த்துவிட்டு வந்தார்கள். "வரிசைங்கிறதே இல்ல மேடம். சுத்தக் கொழப்பம்," என்றான் பையன்களில் பெரியவன். எட்டு மணிக்கு வந்தவர் பன்னிரண்டுக்கு மாத்திரை வாங்குகிறார். பத்து மணிக்கு வந்தவர் பதினொன்றுக்கே வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். கூட்டமெல்லாம் சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து கதை பேசுகிறது. பிறகு யாராவது ஒருவர் எழுந்து பதிவு மேசைக்குப் போகிறார், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஒரு நோயாளி என்னென்ன படி ஏறி இறங்குகிறார் என்று சார்ட்டில் படம் வரையச் சொன்னேன். வாசலில் தொடங்கு, வாசலில் முடி. இதுதான் நான் எப்போதும் சொல்லிக்கொடுத்த விதி. அப்படியே வரைந்தார்கள். அழகாக இருந்தது. தீர்வு, எண் போட்ட கார்டு. வந்த வரிசைப்படி கார்டு கொடுப்பது, பெயரை எண்ணோடு எழுதிக்கொள்வது, எண்ணைக் கூப்பிடுவது. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டு, சுவரில் ஒட்டவைத்தேன்.

அடுத்த செவ்வாய் சோதனை. நானும் போனேன். காலையில் பையன்கள் கார்டு கொடுக்க, எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். பத்தரை வரை நன்றாகத்தான் போனது. பதிவு மேசையில் இருந்த சிஸ்டர், "பதினாலு" என்று கூப்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கார்டை நீட்டினார். சிஸ்டர் கோப்பைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எப்பங்க சுகர் வந்துச்சு?"

"எனக்கா? யாரு சொன்னது? பிரஷர் மட்டுந்தான சிஸ்டர் இருந்துச்சு. ஒரு வியாதியோட வந்தவனுக்கு ரெண்டாக்கி அனுப்புறீங்களே!"

கொட்டகையே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. பையன்கள் பக்கம் திரும்பினார். "தம்பிகளா, இத்தனை வருசத்துல நான் ஒருத்தருக்கும் மாத்திரை மாத்திக் குடுத்ததில்ல. நீங்க வந்து மூணு மணி நேரம் ஆகல, மாறப் பாத்துச்சு."

விசாரித்தால், கொட்டகையில் உட்கார்ந்தபடி பாதிப் பேர் கார்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பதினாலாம் எண் வாங்கியவர் வேறு ஒருவர். பெரிய பையன் அவரிடம் எரிந்து விழுந்தான்.

"ஏங்க கார்டை அவருக்குக் குடுத்தீங்க?"

"அவருக்குப் பதினொன்னேகால் வண்டிப்பா. நான் ஒரு மணி வண்டிக்குத்தான போகணும். முன்னாடியே வாங்கிட்டு நான் இங்க என்ன பண்ண? ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?"

அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மாத்திரை மாறப் பார்த்த பயம் வேறு. நான் நடுவில் போய் நின்று சென்னைக் குரலில் சொன்னேன்: "இனிமே யாரும் கார்டை மாத்தக் கூடாது. அவங்கவங்க நம்பருக்கு அவங்கவங்கதான் வரணும்." எல்லோரும் சரி என்றார்கள். சொன்னபடி கேட்டார்கள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

முப்பத்தெட்டாம் எண் கார்டு ஒரு பெண்மணியிடம் இருந்தது. ஐம்பதுக்குள் இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர். பதினொன்றேகால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது சிஸ்டர் இருபத்தாறில் இருந்தார். அந்தப் பெண்மணி எழுந்தார், வண்டி போகிறதைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அவர் ஊருக்கு அடுத்த வண்டி மூன்றரைக்கு. வீட்டில் நடக்க முடியாத மாமியார். இவர் போய்த்தான் மதியச் சோறு போட வேண்டும். சண்டை போடவில்லை. யாரையும் திட்டவில்லை.

நானும் பையன்களும் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டோம். அந்தப் பெண் மட்டும் கிளம்பவில்லை. கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை அவரோடு பாதி பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை வரை கூட உட்கார்ந்திருக்கிறாள். "இதுக்கு முந்தி இப்படி வண்டிய விட்ருக்கீங்களாக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இன்னிக்குத்தான். நீங்கள்லாம் வந்திருக்கீங்கல்ல."

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, சுவரில் நான் ஒட்டவைத்த சார்ட்டைக் காட்டினாள்.

"மேடம், நம்ம படத்துல பஸ்ஸே இல்லையே."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல்தான். "பஸ்ஸு நம்ம வேலை இல்லம்மா. அது வேற டிபார்ட்மெண்ட்," என்றேன்.

"அந்தக்காவுக்கு அதுதான் மேடம் வேலையே. காலைல பஸ்ஸப் புடிச்சு வரணும், பஸ்ஸப் புடிச்சுத் திரும்பணும். மாத்திரை நடுவுல வருது, அவ்வளவுதான்."

அதோடு வகுப்பை விட்டேன். அன்று சாயங்காலம் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில், நிற்கிற இரண்டு வண்டியில் எது முதலில் கிளம்பும் என்று நடத்துனரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு உறைத்தது. நான் எழுந்திருப்பது பேருந்தை வைத்து. சமைப்பது பேருந்தை வைத்து. கடைசி வகுப்பைப் பத்து நிமிஷம் முன்னால் முடிப்பதுகூடப் பேருந்தை வைத்துத்தான். அப்படிப்பட்டவள், வாசலில் தொடங்கி வாசலில் முடி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த விதியைக் கார் வைத்திருந்தவர்கள் யாரோ எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் சார்ட்டைச் சுவரிலிருந்து கிழித்தேன். வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பையன்கள் கை தட்டினார்கள். வாயை மூடிக்கொண்டு உட்காருங்கடா என்றேன்.

அதன் பிறகு அவள் தனியாக வேலை செய்தாள். ஐந்து செவ்வாய், முதல் வண்டியிலேயே ஏறி மக்களோடு மக்களாகப் போனாள். அந்த முப்பத்தொன்பது பக்கத்தில் இருப்பது அதுதான், நீங்கள் திருப்பாத பக்கம். கொட்டகைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கேட்கப்படுகிற கேள்வி, உடம்பு எப்படி இருக்கிறது என்பது இல்லை. "எந்த வண்டிக்குப் போறீங்க?" அவ்வளவுதான். அதற்குச் சொல்லும் பதில்தான் அவர் இடம். பதினொன்றேகால் ஊர்க்காரர்கள் முதலில், ஒரு மணி ஊர்க்காரர்கள் அடுத்து, மூன்றரை கடைசி. எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். பையன்களும் நானும் குழப்பம் என்று நினைத்தது அத்தனை நேர்த்தியான வரிசை.

அதில் குறையே இல்லை என்று அவள் எழுதவில்லை. புதிதாக வருகிறவருக்கு இந்த வழக்கம் தெரியாது, ஓரத்தில் நின்று நின்று பயந்துபோவார். வாய் பேசாதவர் பின்னால் தள்ளப்படுவார். பேருந்து நேரம் மாறினால் இரண்டு வாரம் தகராறு. இதையெல்லாம் எழுதிவிட்டு, சிஸ்டரிடம் போய் ஒன்று கேட்டாள். பதிவேட்டில் பேர், ஊர், வயது எழுதுகிறீர்களே, கூடவே எந்த வண்டி என்றும் கேட்டு எழுத முடியுமா?

"அது ஒரு வார்த்தைதானம்மா. எழுதிட்டாப் போச்சு," என்றார் சிஸ்டர்.

கொட்டகையில் ஒரு கரும்பலகை மாட்டினார்கள். மூன்று வண்டி நேரம், எந்த ஊர் வழி என்று. அடியில் ஒரு வரி: உங்கள் வண்டியைச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். முதல் வாரமே பைக்கில் வந்த ஒருவர் கத்தினார்: "பைக் வச்சிருக்கது ஒரு குத்தமாய்யா? கடைசி வரைக்கும் நாங்க காத்துக்கெடக்கணுமா?" நியாயமான கேள்வி. ஒவ்வொரு வண்டி ஆட்கள் முடிந்ததும் பைக்கில் வந்தவர் இரண்டு பேர் என்று அவளும் சிஸ்டரும் உட்கார்ந்து மாற்றினார்கள். இன்னொருவர் சீக்கிரம் போக ஆசைப்பட்டுப் பதினொன்றேகால் வண்டி என்று பொய் சொன்னார். சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு பெண் குரல்: "ஒங்க ஊருக்கு ஏதுங்க பதினொன்னேகால் வண்டி? எங்களுக்குத் தெரியாம நேத்து ராத்திரி விட்டாங்களா?" மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டே போய்க் கடைசியில் உட்கார்ந்தார். கண்காணிப்புக்கு வேறு ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை.

வண்டியை விட்ட பெண்மணியை நான் அப்புறம் ஒரு செவ்வாய் பார்த்தேன். பதினொன்று ஐந்துக்கு மாத்திரைப் பையோடு வெளியே வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "இன்னிக்கு நம்பரு இல்லையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி வண்டிக்கு நடந்தார். நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்த வருஷத்திலேயே நல்ல நாள் அது.

பையன்கள் கார்டை விடவில்லை. அதைச் செல்பேசிச் செயலியாக வரைந்து, வண்ணப் படம் போட்டு அறிக்கை கொடுத்தார்கள். அது ஒரு செவ்வாய்கூட ஓடவில்லை.

இனி வைவா நாள். நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? "திருச்சியில எனக்கு டிரெயின். மூணு மணிக்குக் கெளம்பணும். கொஞ்சம் ஆர்டர் மாத்திக்கலாமா?" மாற்றினோம். குழுக்களை முன்னால் தள்ளி, தனியாளாக இருந்த அவளைக் கடைசியில் வைத்தோம். அவளுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தது. எட்டு நிமிஷம் மிஞ்சியது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு வண்டி இருந்தது, அவள் பொறுத்துக்கொண்டாள்.

"இதுல டிசைன் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள்.

"போர்டுல இருக்கு சார். சிஸ்டர் கேக்குற கேள்வியிலயும் இருக்கு."

"ஒரு கேள்வியைப் போய் டிசைன்னு சொல்லலாமா?"

"அதுக்கு முந்தி அவங்க அதக் கேக்கல சார்."

"சரி, இதை ஸ்கேல் பண்ண முடியுமா? நூறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா?"

"ஊரு மாறுனாலும் டைம் மாறுனாலும் அழிச்சுட்டு எழுதிக்கலாம் சார்."

பின்னால் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தப் பதில் அவர்களுக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கு முகம் சுருங்கியது. கடிகாரத்தைப் பார்த்தீர்கள், கடைசிப் பக்கத்தைத் திருப்பினீர்கள், எழுதினீர்கள். கார் வாசலில் நின்றது.

முடிவு வந்த அன்றைக்குப் பெரிய பையன் என் அறைக்கு வந்தான். "மேடம், எங்களுக்குப் போட்டிருக்க மார்க்கப் பாத்தா எங்களுக்கே வெக்கமா இருக்கு. அவளுக்கு இப்படிப் போட்டுட்டு எங்களுக்கு இவ்வளவா?" அவன் எரிந்து விழுகிற பையன்தான். அன்றைக்கு அவனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதல்வர் நல்லவர், காரியம் நடக்க வேண்டும் என்று நினைப்பவர். "ஒரு ஆப் படம் ரெண்டு வரைஞ்சு கடைசியில ஒட்டிரச் சொல்லுங்களேன். பாஸ் பண்ணிருவாங்க," என்றார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நானும் அவளிடம் அதைச் சொன்னேன். சொன்னதை மறைக்கப்போவதில்லை.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒட்டுறது அரை மணி நேர வேலை மேடம். ஆனா சிஸ்டர் வந்து பாத்தா என்ன சொல்றது? அங்க இல்லாதத இருக்குன்னு எப்படி எழுத?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இதைத்தானே இரண்டு வருஷமாகக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். நான் மறந்தபோது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? போன செவ்வாயும் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வண்டி நேரம் மாறியிருக்கிறது. யாரோ அழித்துவிட்டுப் புது நேரத்தை எழுதியிருக்கிறார்கள். எழுத்து அவளுடையது இல்லை, சிஸ்டருடையதும் இல்லை.

அதே நாற்பது பக்கத்தை, ஒரு வரி மாற்றாமல், அவள் திரும்பச் சமர்ப்பித்துவிட்டாள். நீங்கள்தான் திரும்ப வருகிறீர்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை மூடிய அறை கிடையாது. முதல்வரிடம் பேசிவிட்டேன், பெரிய அரங்கத்தைத் திறந்துவிடுகிறார். சிஸ்டர் வருகிறார், பையன்கள் வருகிறார்கள். கொட்டகைக்காரர்களும் வருவார்கள், அதனால் செவ்வாய்க்கிழமையாக மட்டும் வைத்துவிடாதீர்கள். உங்கள் ரயில் எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அதற்குத் தகுந்தபடி வரிசை போடுகிறோம். அது எங்களுக்கு நன்றாக வரும்.

வந்து, மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் ரயிலுக்காக நாங்கள் வரிசையை மாற்றியது சரி என்றால், அந்தப் பெண்மணியின் பதினொன்றேகால் வண்டிக்காக அவள் வரிசையை மாற்றியதில் என்ன குறை? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.